தேவகி அக்காவிடம் நான் கேட்காத கேள்வி

திருமுடிவாக்கத்தில் ஒரு சிறிய இன்ஜினியரிங் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கவனிப்பது என் வேலை. யார் எந்த ஃபைலைத் திறக்கலாம், யார் திறக்கக்கூடாது என்பதெல்லாம் என் கையில்தான்.

போன வருடம், பொது ஃபோல்டரில் இருந்த டிராயிங்குகள் காணாமல் போகத் தொடங்கின. எனக்கு பர்ச்சேஸ் பிரிவு தேவகி அக்கா மேல் சந்தேகம். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அவர் அந்த ஃபைல்களைக் காப்பி செய்வது, யார் எந்த ஃபைலை என்ன செய்தார் என்று கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் பதிவில் தெரிந்தது. நான் பக்கத்தில் போனால் ஸ்க்ரீனை மாற்றுவதுபோலவும் தோன்றியது. காப்பியை வெளியே விற்றுவிட்டு இங்கே இருப்பதை அழிக்கிறார் என்றே முடிவு கட்டினேன். அவருடைய அனுமதியை நீக்கிவிட்டு மேனேஜரிடமும் சொன்னேன்.

அடுத்த வாரமும் டிராயிங்குகள் மறைந்தன. அதுவரை பதிவில் அக்கா பெயரை மட்டுமே தேடியிருந்தேன். அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். அழித்தவர் இடத்தில் என் பெயர் இருந்தது. பழைய ஃபைல்கள் தானாக அழியும்படி எப்போதோ நானே செய்துவைத்து மறந்த ஏற்பாடு அது.

மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு அக்காவிடம் போனேன்.

"ஃபைல் காணாம போகுதேன்னுதான் டெய்லி ஒரு காப்பி எடுத்து வெச்சேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சார்," என்றார்.

அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அனுமதியைத் திருப்பிக் கொடுக்க ஒரு நிமிடம்தான் ஆனது. இன்றும் அவருக்கு நான் சார்தான்.