வெத்து டேப்புல ஆடுன முள்ளு

நீங்க நம்ப மாட்டீங்க, பரவால்ல, நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். காரைக்கால்ல மோட்டார் வைண்டிங் பண்ணி வளந்தவன் நான். கரண்டு இருந்தா ஓடும், இல்லன்னா ஓடாது, நடுவுல பேயாவது பிசாசாவதுன்னு ஊரு முழுக்க வாயடிச்சவன். அந்த வாய்க்குத்தான் இப்படி வந்து வாய்ச்சுது.

சைகோன்ல ஒரு பாக்டரிக்கு எலக்ட்ரிகல் வேலைக்கு வந்து, டோங் டு தெருவுக்குப் பக்கத்துல ஒரு பழைய மாடிவீட்டுல ரூம் எடுத்திருந்தேன். வீட்டுக்காரங்க மரி அக்கா. அவங்கப்பா நம்ம காரைக்கால்காரர், பிரெஞ்சுக்காரன் காலத்துல குமாஸ்தாவா வந்தவர், அம்மா வியட்நாம்காரங்க. அப்பா செத்தப்போ அக்காவுக்குப் பத்து வயசு. தமிழ் அவரோட பேசுன அளவுக்குத்தான் வரும், அறுபது வயசு பொம்பள பத்து வயசுப் புள்ளையாட்டம் பேசுவாங்க.

அக்காவுக்குக் காது போய்க்கிட்டு இருந்துச்சு. இன்னும் சில மாசந்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு.

"தம்பி, காது மூடுறதுக்குள்ள டேப்புல இருக்குற அப்பா குரல ஒரு தடவ கேக்கணும். அந்த செட்ட மாட்டிக் குடு"ன்னாங்க.

அப்பா ஆசையா வாங்குன ஸ்டீரியோ செட்டு அது. எழுபத்தஞ்சுல கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும், இதெல்லாம் வீட்ல இருந்தா வம்புன்னு அக்காவோட அம்மா கழட்டி ஒவ்வொண்ணையும் ஒரு பக்கமா ஒளிச்சுட்டாங்களாம். ஆம்ப்ளிஃபையர் அரிசிப் பானைக்குப் பின்னால, டேப் டெக் வுங் டாவ் ஊர்ல சொந்தக்காரங்க வீட்ல, ஸ்பீக்கர் ரெண்டும் துணி போத்தி மாதா சுரூபத்துக்குப் பீடமா. எல்லாத்தையும் தேடிப் புடிச்சு, ரிப்பேர் பாத்து, அந்தக் காலத்து நூத்திப்பத்து வோல்ட்டு செட்டுங்கறதால ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வச்சு ஒரு ஞாயித்துக்கிழமை மாட்டி முடிச்சேன். அக்கா அப்ப சர்ச்சுக்குப் பூசைக்குப் போயிருந்தாங்க. ரெக்கார்டிங் வேலை செய்யுதான்னு பாக்கணுமே, அலமாரியில நாலஞ்சு ரீல் இருந்துச்சு, ஒண்ணுல வியட்நாம் எழுத்துல 'வெத்து டேப்பு'ன்னு ஒட்டியிருந்துச்சு, அதப் போட்டு செவப்பு பட்டன அமுக்கிட்டு, மைக்கு கூட மாட்டாம ஓடட்டும்னு விட்டுட்டு, கீழ காப்பி குடிக்கப் போய்ட்டேன். வந்து பாத்தா டேப்பு கடைசி வரைக்கும் ஓடி நின்னிருந்துச்சு.

அக்கா வந்தாங்க, புதுச் சட்டை. நேரா அந்த ரீலத்தான் எடுத்தாங்க.

"இதுதான் அப்பா! யாரும் தொடாம இருக்கணும்னு அம்மா வேணும்னே வெத்துன்னு எழுதி வச்சா. கெட்டிக்காரி!"ன்னு சிரிக்குறாங்க.

மைக்கு இல்லாம ரெக்கார்டு பண்ணா இருக்குறது அத்தனையும் அழிஞ்சிரும், மீட்கவே முடியாது. சொல்லிரலாம்னு வாயெடுத்தேன், சத்தியமா, அதுக்குள்ள 'போடு தம்பி'ன்னுட்டாங்க. அவங்க சொன்னபடி டேப்ப மாட்டிப் போட்டேன். பாவி, வேற என்ன பண்றது.

அக்கா இடது ஸ்பீக்கர்ல காத வச்சுக்கிட்டாங்க. நான் வலதுல வச்சேன், வெறும் உஸ்ஸுன்னு இரைச்சல். அப்புறம் அவங்க பக்கத்துலயும் குனிஞ்சு கேட்டேன், அதே இரைச்சல்தான். ஆனா அவங்க மொகம் மலருது.

"ஆமாம்ப்பா. சாப்ட்டேம்ப்பா. மழைப்பா இங்க."

பாவம், ஆசையில பேசுறாங்கன்னு நெனச்சு டெக்க பாத்தேன். சத்தத்துக்குத் தக்கன ஆடுமே ரெண்டு முள்ளு, அதுல இடது முள்ளு ஆடுது. ஒரு ஆளு பேசுற மாதிரி எழும்பி எழும்பி விழுது. அக்கா பதில் சொல்றப்போ மட்டும் அடங்கி நிக்குது. வயர ஆட்டிப் பாத்தேன், பிளக்க மாத்தி சொருகுனேன், அப்பவும் இடது முள்ளுதான் ஆடுச்சு, எனக்குத் தெரிஞ்ச வித்தை அவ்வளவுதான்.

அப்ப அக்கா திரும்பி, "ச்சோய் ஓய், அட கடவுளே, தம்பி! செவப்பு பட்டன அமுக்குனவன வையாதேன்னு அப்பா சொல்றாரு. எந்தப் பட்டன்?"னாங்க.

நான் அத ஒரு ஈ காக்காய்க்குக் கூடச் சொல்லலைங்க. "தெரியலக்கா"ன்னேன். அதுதான் நான் சொன்ன பொய்யிலயே பெரிய பொய்.

அப்புறம் வாராவாரம் பூசை முடிஞ்சு வந்து போடச் சொல்வாங்க. காது சுத்தமா போச்சு, பக்கத்துல இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாங்க, ஆனா அந்த டேப்போட மட்டும் பேச்சு நிக்கல. ஒவ்வொரு வாரமும் உண்மைய சொல்லிரணும்னு போவேன், அவங்க மொகத்தப் பாத்துட்டு வந்துருவேன். போன வருஷம் தூக்கத்துலயே போய்ட்டாங்க. செட்ட எங்கிட்ட குடுக்கணும்னு எழுதி வச்சிருந்தாங்க.

என் புது வீட்ல அத மறுபடி ஒண்ணொண்ணா மாட்டி, பட்டப்பகல்ல, ஜன்னலெல்லாம் தொறந்து வச்சு அந்த டேப்ப போட்டேன். இரைச்சல்தான். இடது முள்ளு ஆடுச்சு, நின்னுச்சு. உடனே இத்தன நாளும் அசையாத வலது முள்ளு ஆடுச்சு. அது நின்னதும் இடது. இப்படியே மாறி மாறி.

வலது முள்ளுகிட்டப் போய் குனிஞ்சேன். "அக்கா, அப்பா குரல அழிச்சது நாந்தான்"னேன்.

ரெண்டு முள்ளும் சடக்குன்னு நின்னுச்சு. கொஞ்சம் பொறுத்து வலது முள்ளு மட்டும் மெதுவா எழும்பி, ரொம்ப நேரம் ஆடுச்சு. மன்னிச்சேன்னாங்களோ, பாவின்னு வைஞ்சாங்களோ. காத ஸ்பீக்கரோட அழுத்தி வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நல்லா காது கேக்குறவன் நான், எனக்கு ஒரு வார்த்தை கேக்கலைங்க.