படுக்கையறையில் நடந்த நேர்காணல்கள்

முகப்பேரில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில், எங்கள் வீட்டுப் படுக்கையறையில்தான் அந்தத் தொழில் ஒன்றரை வருஷம் நடந்தது. கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டு, ஜன்னலுக்கு எதிரே மகனின் படிப்பு மேசையைப் போட்டு, அதன் மேல் லேப்டாப்பை வைத்திருந்தோம். பின்னால் இருந்த பீரோவின் கண்ணாடியில் கொடியில் காயும் துணியெல்லாம் தெரியும். அதை மறைக்க என் கணவரின் வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தோம். கல்யாணம், காதுகுத்து என்று அவர் கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவோம். அன்றைக்கு மட்டும் போர்வை.

'வைத்திருந்தோம்', 'தொங்கவிட்டிருந்தோம்' என்று பன்மையில் எழுதுகிறேன். நான் மட்டும் தொடங்கிய வேலை இல்லை அது.

அதற்கு முன்னால் பதினான்கு வருஷம் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தேன். காலையில் எட்டுப் பேர், மதியம் எட்டுப் பேர் என்று எதிரில் வந்து உட்காருவார்கள். கேள்வி கேட்பேன், குறித்துக்கொள்வேன், "சொல்லி அனுப்பறோம்" என்பேன். பெரும்பாலும் சொல்லி அனுப்பியதில்லை. ஒருநாள் எங்கள் பிரிவையே வேறு ஊருக்கு மாற்றினார்கள். மகன் பத்தாம் வகுப்பு, கணவருக்கு இங்கே வேலை. போக முடியவில்லை. நாற்பத்து மூன்று வயதில் வேலை தேடத் தொடங்கினேன். நாலு மாதம் ஆயிற்று. எங்கிருந்தும் ஒரு வரி பதில் வரவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி, கையில் குழந்தையோடு வந்து நின்றாள்.

"மேடம், என்னைத் தெரியுதா?"

"தெரியுமே. நல்லா இருக்கீங்களா?" என்றேன், எல்லோரும் சொல்வது போல.

"இல்ல மேடம், உங்களுக்குத் தெரியல. பரவால்ல. நீங்க என்னை ரெண்டு தடவ இன்டர்வியூ பண்ணிருக்கீங்க. ரெண்டு தடவயும் எடுக்கல."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"சண்ட போட வரல மேடம். ஏன் எடுக்கலன்னு மட்டும் சொன்னீங்கன்னா போதும். வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இங்கிலீஷ் வரலன்றாங்க, வயசாயிடுச்சுன்றாங்க. எனக்கு எதுன்னு தெரிஞ்சா அதையாவது சரி பண்ணிக்குவேன்."

அந்தச் சமயத்தில் கம்பெனிக்குத் தேவைப்பட்ட தகுதி வேறு என்று வழக்கமான வாக்கியத்தை ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது. அந்த வாக்கியத்தைக்கூட எனக்கு யாரும் அனுப்பவில்லையே என்று நாலு மாதமாகப் பொருமிக்கொண்டிருந்தவள் நான்.

"சத்தியமா எனக்கு ஞாபகம் இல்லம்மா," என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "இதையாவது உண்மையா சொன்னீங்களே."

"நாளைக்கு வீட்டுக்கு வாங்க. அதே கேள்விய மறுபடி கேக்கறேன். எங்க சிக்குதுன்னு பார்ப்போம்."

மறுநாள் பத்து மணிக்கு வந்தாள். கஞ்சி போட்ட புடவை, நெஞ்சோடு அணைத்த ஃபைல். நான் நைட்டியில் கதவைத் திறந்தேன். அவளைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் புடவை கட்டிக்கொண்டு வந்தேன்.

எல்லாவற்றுக்கும் ஒழுங்காகத்தான் பதில் சொன்னாள். ஏழு வருஷம் ஏன் வேலையில் இல்லை என்று கேட்டதும் தலை குனிந்தது. "சாரி மேடம், வீட்ல சும்மா இருந்தேன்."

"சும்மான்னா?"

"பசங்க, மாமியாருக்கு முடியாம போச்சு. அப்புறம் அப்பார்ட்மென்ட் வேலை." இதைச் சொல்லும்போது ஃபைலை மூடிவிட்டாள். இன்டர்வியூ முடிந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு ஊர்க்கதை பேசுவது போலச் சொல்லிக்கொண்டே போனாள். கோடையில் அவர்கள் குடியிருப்பின் நாற்பத்தெட்டு வீட்டுக்கும் தண்ணி லாரி சொல்வது அவள்தான். எந்த லாரிக்காரன் ஏமாற்றுவான், ஒருத்தன் வராவிட்டால் யாரைக் கூப்பிடலாம், எந்த பிளாக்கின் தரையடித் தொட்டியை முதலில் நிரப்பினால் சண்டை வராது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. செக்ரட்டரி என்று பெயருக்கு ஒரு ரிட்டயர்டு மனிதர் இருந்தார். கணக்கு நோட்டு அவளிடம்தான்.

பேனாவைக் கீழே வைத்தேன். "இத ஏன் என்கிட்ட அப்பவே சொல்லல?"

"இதெல்லாம் ஒரு வேலையா மேடம்?"

அன்றைக்கு மதியம் வரை பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த வாரம், வேலை தேடும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆவடியில் இருந்த ஒருத்தியால் நேரில் வர முடியவில்லை. அவளிடம் வீடியோவில் பேசினோம். அது நன்றாக இருக்கவே மற்றவர்களையும் அப்படியே வரச் சொன்னோம். ஆன்லைன் பயிற்சி மையம் ஆனது இப்படித்தான். பெரிய திட்டமெல்லாம் இல்லை. போனிலேயே அவள் ஒரு போஸ்டர் செய்தாள். மூலையில் ஒரு ரோஜாப்பூ. "வேலைக்கும் ரோஜாவுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டேன். "அழகா இருக்குக்கா," என்றாள். மேடம் அக்காவானது எந்த நாளில் என்று ஞாபகம் இல்லை.

அந்தக் காலை நேரங்களை இப்போது நினைத்தால் முதலில் சத்தங்கள்தான் வருகின்றன. கீழ்வீட்டில் குக்கர். மொட்டை மாடித் தொட்டி நிரம்பிக் குழாய் வழியாக வழியும் ஓசை. பத்தரைக்குச் சரியாக ஒலிபெருக்கி கட்டிய கீரை வண்டி. ஒரு பையன், பி.இ. முடித்தவன், தன் பலவீனம் என்ன என்ற கேள்விக்குத் திணறிக்கொண்டிருந்தான். சட்டென்று, "மேடம், உங்க தெருவுல முருங்கக்கீர வந்திருக்கு," என்றான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் குனிந்துவிட்டாள். நானும் சிரிக்க, அவனும் சிரித்தான். அதற்குப் பிறகுதான் அவன் ஒழுங்காகப் பேசினான். நடுவில் அவள் போடும் டீயில் இஞ்சி கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். குறைக்கச் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். சொன்னதே இல்லை.

கள்ளிக்குப்பத்திலிருந்து ஒருவர் சேர்ந்தார். நாற்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருஷம் ஒரே பட்டறையில் இருந்து சூப்பர்வைசர் ஆனவர். பட்டறையை மூடிவிட்டார்கள். முதல் நாள் கேமராவை ஆன் செய்தால் அவருக்குப் பின்னால் ஆட்டோவின் சிவப்பு ரெக்சின் சீட்.

"எங்க சார் இருக்கீங்க?"

"ஊட்ல ஒரே கூச்சல் மேடம். அதான் மச்சான் ஆட்டோல குந்திகினு கீறேன். இன்னா பேசணும்னு நீங்க எய்தி குட்த்துடுங்க. நான் அப்டியே மனப்பாடம் பண்ணிக்கினு போயிடறேன்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நல்ல ஆங்கிலத்தில் பன்னிரண்டு பதில்கள் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் ஆட்டோவில் உட்கார்ந்து படித்தார். கடைசி நாள் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். நான் கை தட்டினேன். அவள் தட்டவில்லை. அதை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்டர்வியூ முடிந்த அன்று மாலை போன் செய்தார். "போச்சு மேடம்," என்றார். அங்கே இருந்த மேனேஜர் தமிழ்க்காரர். மெஷினைப் பற்றித் தமிழிலேயே ஏதோ கேட்டிருக்கிறார். இவருக்குப் பதற்றத்தில் நான் எழுதிக் கொடுத்த ஏழாவது பதில் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. கேள்விக்குச் சம்பந்தமே இல்லாதது. மேனேஜர் மறுபடி கேட்க, எட்டாவது வந்தது. அறையில் இருந்த இன்னொருவர் சிரித்துவிட்டாராம்.

"உங்க மேல தப்பு இல்ல மேடம். என் மண்டை அப்டி," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நான் அவளிடம் திரும்பி, இன்னும் ரெண்டு வாரம் பயிற்சி கொடுத்திருக்கலாம் என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது. அப்படி அவளை நான் பார்த்ததில்லை.

"ஏன்க்கா, அவரு இருபத்திரண்டு வருஷம் அங்க என்ன பண்ணாருன்னு நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா? எழுதிக் குடுத்தீங்க, அவ்ளோதான். நீங்க இன்னும் அந்தப் பக்கத்து நாற்காலிலதான் உக்காந்திருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. டீயை அப்படியே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், வேண்டுமென்றே பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினேன். அவள் போகும்போது சொல்லிக்கொண்டு போகவில்லை. இரண்டு நாள் வரவும் இல்லை. அந்த இரண்டு நாளில் அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிடத்தான் மனம் வரவில்லை. மூன்றாம் நாள் காலை அவளே வந்து, "அந்த சார வரச் சொல்லிருக்கேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

அன்றைக்கு நான் கேள்வி கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள். "சார், காலைல பட்டறைக்குள்ள போனா மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

"மொதல்லயா? ஒரு ரவுண்டு வருவேன். சும்மா காது குட்த்துகினே."

"காதா?"

"ஆமா. மெஷின் கெட்டுப்போறதுக்கு முன்னாடியே சத்தம் மாறும் மேடம். பெரிய ஸ்க்ரூ டிரைவர மெஷின் மேல வச்சு, பிடிய காதுல வச்சா உள்ள பேரிங் பேசறது கேக்கும். கரகரன்னா ஒரு வாரம் தாங்கும். கீச்சுன்னா அன்னிக்கே நிறுத்திடுவேன். ஓனரு கத்துவாரு. கத்தட்டும், நான் இருந்த வரைக்கும் ஓடற மெஷின் ஒடஞ்சதே இல்ல."

ஆட்டோ சீட்டின் நுனிக்கு வந்து, கையை ஆட்டி ஆட்டி முக்கால் மணி நேரம் பேசினார். நான் அதையெல்லாம் குறித்துக்கொண்டேன். இந்த முறை அவர் சொன்னதை அப்படியே. அதில் எதை எங்கே சொல்லலாம் என்று மட்டும் பிரித்துக் கொடுத்தோம். ஆங்கிலம் தேவைப்பட்டால் நாலு வரி, அதுவும் அவர் வாயில் வருகிற மாதிரி. இரண்டு மாதம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை கிடைத்தது. அவர் அனுப்பிய குரல் செய்தியில் பேச்சைவிட மெஷின் இரைச்சல்தான் அதிகம். நாங்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டோம்.

அதற்குப் பிறகு வந்த எல்லோரிடமும் அவள் கேட்ட அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினோம். முதல் பேச்சு எப்போதும் அவளுடையது. என்னிடம் 'மேடம்' என்று விறைப்பாக உட்காருகிறவர்கள் அவளிடம் மாமியார் கதை வரை சொல்வார்கள். தினமும் ஏழு எட்டுப் பேர் வரத் தொடங்கினார்கள்.

ஒரு வியாழக்கிழமை அட்டவணையைப் போட்டுக்கொண்டிருந்தேன். "நாளைக்குப் பத்து மணி ஸ்லாட்ட காலியா வைங்கக்கா," என்றாள்.

"யாரு?"

"நான்தான்."

ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் நிர்வாக வேலை. பஸ், தண்ணீர், கரண்ட், காவலாளி எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. என்னிடம் சொல்லவில்லை. "இங்க என்ன குறைச்சல்?" என்று வாய் வரை வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை. அவள் ஒரு வேலை கேட்டுத்தான் என்னிடம் முதலில் வந்தாள் என்பதை நான்தான் வசதியாக மறந்திருந்தேன்.

மறுநாள் அவள் தன் வீட்டிலிருந்து வீடியோவில் வந்தாள். எதிரும் புதிருமாக நாங்கள் திரையில் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் முறை. நான் கடுமையாகவே கேட்டேன். ஏழு வருஷ இடைவெளியைப் பற்றிக் கேட்டபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்து தண்ணி லாரிக் கதையை ஆரம்பித்தாள். எனக்குத் தெரிந்த கதைதான். இருந்தும் குறுக்கிட மனம் வரவில்லை. முடித்ததும், "எப்படிக்கா?" என்றாள். "எடுத்துக்குவாங்க," என்றேன். எடுத்துக்கொண்டார்கள்.

இன்றைக்குக் கரையான்சாவடியில் மெயின் ரோட்டு மேலேயே ஒரு மாடியில் இரண்டு அறை எடுத்திருக்கிறோம். பயிற்சி கொடுக்க நாலு பேர் இருக்கிறார்கள். கதவை மூடினால் வெளிச்சத்தம் கேட்காது. தொழில் நன்றாகத்தான் போகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் 'நம்ம சென்டர்' என்று யாராவது சொன்னால் எனக்கு மகனின் அந்தப் படிப்பு மேசையும், அதன் முன்னால் ஒட்டிப் போட்ட இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும்தான் கண்ணில் வருகின்றன.

அவள் போன பிறகு வந்த முதல் திங்கட்கிழமையைச் சொல்ல வேண்டும். காலையில் தனியாக உட்கார்ந்தேன். திரையில் முதலில் வந்தவன் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து முகப்பேரில் நண்பர்களோடு தங்கியிருந்த பையன். மறுநாள் அவனுக்கு இன்டர்வியூ. பாடத்தையெல்லாம் முடித்த பிறகும் போகாமல் நெளிந்தான்.

"இன்னொரு மேடம் இல்லையா?"

"இல்லப்பா, அவங்களுக்கு வேலை கிடைச்சிருச்சு. என்ன வேணும், என்கிட்ட கேளு."

தயங்கித் தயங்கி இரண்டு சட்டைகளைத் தூக்கிக் காட்டினான். ஒன்று இளநீலம், ஒன்று மெல்லிய கோடு போட்டது. "எதப் போட்டுக்கறதுன்னு அவங்கதான் சொல்றேன்னாங்க."

பதினான்கு வருஷத்தில் ஆயிரக்கணக்கான சட்டைகளை எதிரில் பார்த்தவள் நான். எது என்று சொல்லத் தெரியவில்லை. அவனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அவளுக்குப் போன் போட்டேன். புது இடத்தில் முதல் நாள், எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். எடுத்தாள். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"கையில காட்டினா எப்படிக்கா தெரியும்? ரெண்டையும் போட்டுக் காட்டச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவனிடம் சொன்னேன். சரி என்று எழுந்து உள்ளே போனான். நான் திரையில் தெரிந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.