கியர் விடாத கார்

என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரிதான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாமென்றால் நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டிகள் நிறுத்துமிடத்துக் காவலுக்கு இருக்கிறேன். போன வாரம் ஒரு பையன் கிளச் இல்லாத புதுக் காரைக் கொண்டுவந்து சரிவில் நிறுத்தினான். கைப்பிரேக் போடாமல் கியரை மட்டும் வண்டி நிறுத்துவதற்கான 'பி' என்ற எழுத்தில் தள்ளிவிட்டு, தாலி கட்டுவதற்குள் போகவேண்டும் என்று உள்ளே ஓடினான். சாப்பிட்டு வந்து எடுக்கப் பார்த்தால் கியர் அந்த எழுத்தை விட்டு நகரவில்லை. பிரேக்கை மிதித்து மிதித்து இழுத்தான், சாவியைப் பிடுங்கிப் போட்டான், கடைசியில் மெக்கானிக்குக்குப் போன் செய்தான். வண்டியின் பாரம் முழுக்க கியரில் உட்கார்ந்திருக்கிறது, இரண்டு பேரை விட்டு மேட்டுப் பக்கம் லேசாகத் தள்ளிவிட்டு இழுங்கள் என்று போனில் சொன்னார்கள். நானும் பந்தி பரிமாறுகிற ஒருவரும் தள்ளினோம். ஒரே தள்ளு. டக்கென்று விட்டது. பையன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்குத்தான் அப்புறம் நாள் முழுக்க எதிலும் மனசு ஓடவில்லை.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது எங்கள் மாமாவின் காரிலும் இதே மாதிரி கியர் மாட்டிக்கொண்டது. அது ஒரு பிற்பகல் முழுக்க விடவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சித்தையன்கோட்டையில் தாத்தா வீட்டில் இருந்துகொண்டு பழைய கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டினார். ஸ்டீரிங்கை ஒட்டி கியர் தடி நீட்டிக்கொண்டிருக்கும் கார். வாங்கிய நாளிலிருந்தே அதில் கைப்பிரேக் நிற்காது. தாத்தா வீட்டுச் சந்து வாய்க்காலைப் பார்த்துச் சரிந்து போகும். அதனால் மாமா வண்டியை ரிவர்ஸ் கியரில் போட்டு, முன் சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுத்து நிறுத்துவார்.

அன்றைக்கு அந்தக் காரில் சித்தியை அவள் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். சித்தி அம்மாவுக்கும் மாமாவுக்கும் தங்கை. ஒட்டன்சத்திரத்துப் பக்கம் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் தனியாகப் பஸ் ஏறி வந்துவிட்டாள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். ஆனி முடிவதற்குள் அனுப்பிவைக்கிறேன் என்று தாத்தா புருஷன் வீட்டாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ஆனியின் கடைசி நாள். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், மாதம் முழுக்கத் தாய் வீட்டில்தான். விளக்கு வைத்த பிறகும் வீட்டுப் பெண்ணை வாசல் தாண்ட விடமாட்டார்கள். ஆகவே பொழுது சாய்வதற்குள் கார் கிளம்பினால் சித்தி போவாள், கிளம்பாவிட்டால் ஒரு மாதம் இருப்பாள். இது எனக்கே தெரிந்திருந்தது. ஒரு மாதம் சித்தி கூட இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். காரில் போவதும் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

என்னையும் கூட்டிப்போவதாக இருந்தது. சண்டை நடந்த வீட்டுக்குப் போகும்போது ஒரு சின்னப் பிள்ளையை உடன் கொண்டுபோவது வழக்கம். பிள்ளை இருந்தால் இரண்டு பக்கமும் குரலை உயர்த்த மாட்டார்கள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அரிசி மூட்டை, தேங்காய், ஒரு கூடை மாம்பழம் எல்லாம் டிக்கியில் ஏறிவிட்டன. சித்தியும் நானும் பின்சீட்டில் உட்கார்ந்தோம். மாமா கியர் தடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. கிளச்சை மிதித்து இழுத்தார். இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தார். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். மண்ணெண்ணெய் வாங்கிவரச் சொல்லி கியர் கம்பி சேரும் இடத்தில் ஊற்றினார். ஊற வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தார். அது அணைந்ததும் இன்னொன்று.

தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏலே, இன்னும் எம்புட்டு நேரம்டா ஊறும்? அதென்ன புளியா?"

"செத்த நேரம் இருங்கப்பா. வம்படியா இழுத்தா தடி ஒடிஞ்சுபோகும்."

"வேற வண்டி பாரு."

"இன்னைக்குக் கடைசி முகூர்த்தம். ஊர்ல எந்த வண்டி சும்மா நிக்கிது?"

அம்மா வாசல்படியில் நின்று, "தடங்கலாகுது. இன்னைக்கு வேணாம்ப்பா" என்றாள். 

"தடங்கல் வண்டிக்குத்தான். நான் பத்துப் பேருக்கு முன்னால சொல்லிட்டேன்" என்றார் தாத்தா. அவர் சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டு வாய்க்கால் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த ஒரு மாதத்தில் தாத்தா ரொம்பவும் இளைத்துப்போயிருந்தார்.

இதற்குள் தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் சக்கரத்தை ஒரு உதை விட்டுப் பார்த்து, "மாப்ள, இத எடைக்குப் போட்டுட்டு ஒரு சோடி மாடு வாங்கு. மாட்டுக்குக் கியரு கெடையாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவருக்குத் தெம்பு வந்து, "என்னடா இது, புதுசாக் கல்யாணம் ஆனதுக மாதிரி ஒட்டிக்கிட்டு விடமாட்டேங்குது?" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. உள்ளே சித்தி உட்கார்ந்திருப்பது அவருக்கு அப்புறம்தான் கண்ணில் பட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "சரி, தள்ளிப் பாப்போம் வாங்கப்பா" என்று முன்பக்கம் போனார்.

வண்டியின் மூக்கு சரிவைப் பார்த்து இருந்தது. முன்னாலிருந்து மேட்டுப் பக்கம் தள்ளினால் கியரில் இருக்கும் பாரம் குறையும். பின்னால் ஒரு முழத்தில் வீட்டுச் சுவர், அதனால் ஓடிப்போகவும் செய்யாது. நாலைந்து பேர் பானெட்டில் கை வைத்து மூச்சுப்பிடித்துத் தள்ளினார்கள். மாமா உள்ளே உட்கார்ந்து தடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி அசையவில்லை.

"அரிசி மூட்டைய எறக்குங்கப்பா" என்றார் ஒருவர். இறக்கினார்கள். திரும்பத் தள்ளினார்கள். அப்போதும் அசையவில்லை.

நான் முன்சீட்டுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவின் வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது. விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு மிதித்திருந்தார். தள்ளுகிற வேகத்தில் வண்டி போய்ச் சுவரில் இடித்துவிடக் கூடாது என்று மாமா கவனமாக இருப்பதாக நினைத்தேன்.

சித்தி மடியில் கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே இருந்தாள். தள்ளுகிறவர்களுக்கு வேர்வை சொட்டியது. அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எதிர்வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். தாத்தா வந்து, எழுபது வயதில், தானும் பானெட்டில் கை வைத்தார்.

அப்போதுதான் சித்தி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ரவிக்கைக் கை மேலே ஏறியது. தோளுக்குக் கீழே கருநீலமாக ஏதோ அப்பியிருந்தது. கிரீஸ் பட்டுவிட்டது என்று நினைத்து, மாமா போட்டு வைத்திருந்த துணியை எடுத்து நீட்டினேன். "வேணாம் அப்பு. அது தானாப் போயிரும்" என்றாள். பிறகு மாமாவின் காதுக்குப் பக்கத்தில், அவருக்கும் எனக்கும் மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, காலை எடு."

மாமா திரும்பவில்லை.

"அப்பா தள்றாருண்ணே. எடு."

மாமா காலை எடுத்தார். வண்டி ஒரு சாண் பின்னால் போனது. டக்கென்று ஒரு சத்தம். தெருவே கைதட்டியது, நானும் தட்டினேன். இறக்கிய மூட்டையைத் திரும்ப ஏற்றினார்கள். அம்மா மட்டும் வழியனுப்ப நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

செம்பட்டி தாண்டும்போது தாத்தா முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் பாடுபட்டு வண்டி கிளம்பிய பிறகு ஏன் ஒருவரும் சந்தோஷமாக இல்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சித்தி இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். மூன்று பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டாள். அங்கே எப்படி இருந்தாள் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. மாமா போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாகிறது. அவர் காரியத்துக்கு வந்த சித்தி, மற்றவர்களைப் போலச் சத்தமாக அழாமல், படத்துக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

அன்றைக்கு நாங்கள் அந்த வீட்டுக்குப் போனபோது வெளிச்சம் இருந்தது. வாசலில் சித்தியின் மாமனார் நின்றார். "வாங்க, வாங்க. ஏனுங்க இத்தன நேரம்? மத்தியானத்துலருந்து பாத்துட்டே இருக்கோமுங்க" என்றார். தாத்தா, வண்டி மக்கர் பண்ணிவிட்டது என்றார். மாமனாருக்குப் பின்னால் சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிரித்த முகமாக நின்றார். மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு போனார். சித்தி சேலையைச் சரிசெய்துகொண்டு அவர் பின்னால் உள்ளே போனாள்.

மாமா இறங்கவில்லை. என்ஜினையும் அணைக்கவில்லை.

தாத்தா திரும்பி வந்து, "ஆப் பண்ணிட்டு எறங்குலே. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போவோம்" என்றார்.

"நீங்க குடிங்கப்பா. அணைச்சா மறுபடி மாட்டிக்கிரும்."

நானும் அதை நம்பினேன். உள்ளே போகக் கூச்சமாக இருந்ததால் நானும் வண்டியிலேயே இருந்துகொண்டேன். சித்தி இறங்கின பக்கத்துக் கதவு திறந்தே கிடந்தது. எட்டிச் சாத்தினேன். மாமா கையைப் பின்னால் நீட்டி அதைத் திரும்பவும் திறந்துவிட்டார்.

"இருக்கட்டும் அப்பு. காத்து வரட்டும்" என்றார். அவர் பார்வை அந்த வீட்டு வாசலிலேயே இருந்தது.

காற்று நன்றாகத்தான் வந்தது. நான் அப்படியே தூங்கிப்போனேன்.

29-10-2025, புதன்கிழமை