அம்மா உட்கார்ந்தால் வரும் சத்தம்

எங்கள் வீட்டுக் காருக்கு என் அம்மாவை அடையாளம் தெரியும். பின்சீட்டின் இடது பக்கம் அம்மா உட்கார்ந்திருந்தால், தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பின் வாசலில் இருக்கும் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்சக்கரத்திலிருந்து 'கர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அதே இடத்தில் நானோ அப்பாவோ உட்கார்ந்தால் வராது. அப்பா ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பார். நானும் அவரைக்கொண்டுதான் பிறந்திருந்தேன்.

உண்மையில் அந்தச் சத்தத்துக்குப் பொறுப்பு அம்மா இல்லை, மாமாதான். அம்மாவின் ஒரே தம்பி. கிள்ளானில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அப்பா லோரி ஓட்டிக்கொண்டு வாரத்தில் பாதி நாள் ஜொகூர் பக்கம் போய்விடுவதால், காரையும் அதில் எங்களை ஏற்றி இறக்கும் வேலையையும் மாமா பார்த்துக்கொண்டார். என்னைவிட வயதில் மூத்த கார் அது. அதற்குப் போய், எங்கேயோ பழைய சாமான் கடையில் பெரிய ஸ்போர்ட் ரிம் நான்கைத் தேடிப் பிடித்து, அகலமான டயரும் போட்டு மாட்டிக்கொண்டு வந்தார். தாத்தாவுக்கு ஜிகினா சட்டை போட்டுவிட்டது போல இருந்தது. மாமாவுக்கோ பெருமை தாங்கவில்லை. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, எங்களை ஏற்றிக்கொண்டு பத்துமலைக்குக் கிளம்பினார். தாமான் வாசலைத் தாண்டுவதற்குள் கர்ர்.

"அக்கா, கொஞ்சம் நடுவுல தள்ளி உக்காரேன்."

"ஏன்டா, ரிம்மு நானா வாங்கச் சொன்னேன்?" என்றாள் அம்மா. கடைசி வரை நகரவே இல்லை.

சுங்கை வே என்ற ஊரில் மாமாவுக்குத் தெரிந்த போமென் ஒருவர் இருந்தார். மெக்கானிக்கை எங்கள் பக்கம் போமென் என்றுதான் சொல்வோம். அவர் குனிந்து டயரின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "டயர் மாக்கான் பண்ணுது பாஸ்," என்றார். மாக்கான் என்றால் மலாயில் சாப்பாடு. டயர் உரசுவதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்கு யார் சொன்னார்கள்? டயர் எங்கள் காரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது என்றே நம்பினேன்.

"பின்னால கொஞ்சம் பெரிய ஆளா உக்காருவாங்களா பாஸ்?" என்று போமென் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நான்தான் அண்ணே அந்தப் பெரிய ஆளு!" என்று பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அம்மா சத்தம் போட்டுச் சிரித்தாள். போமெனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மாவுக்கு அதிலும் ஒரு சந்தோஷம்.

அம்மாவைக் காரில் உட்காரச் சொல்லி, டயருக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் தகட்டுக்கும் நடுவில் போமென் விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுழையவில்லை. பிறகு சக்கரத்தைக் கழற்றி, பெயின்ட் வெடிக்காமலிருக்கச் சூடு காட்டி, தகட்டின் உள்ளே நீட்டிக்கொண்டிருந்த விளிம்பை மெல்லத் தட்டி மடக்கினார். "பெரிய மேட்டுல இன்னும் லேசா தொடும் பாஸ். ஸ்பிரிங் மாத்துனா சுத்தமா நின்னுரும்லா."

அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார் மாமா. எங்கள் வாசல் வேகத்தடையில் கர்ர் வந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்த மாதம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஸ்பிரிங்கை யார் நினைத்தார்கள்? வாராவாரம் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. அந்த நாட்களில் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூடவே போனேன். மருந்து ஏற்றிவிட்டு வந்தால் அம்மா நான்கு நாட்களுக்கு எதுவும் சாப்பிட மாட்டாள். முடி கொட்டியது. புடவையை விட்டுவிட்டு என்னுடைய டீ சட்டை அளவுக்கு இறங்கியிருந்தாள். தினமும் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை.

ஒரு நாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். கார் வேகத்தடையில் ஏறியது, இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை.

"மாமா, கார் சரியாயிடுச்சு!" என்று கத்தினேன். "சத்தமே வரல!"

அம்மா சன்னலோரம் திரும்பிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் காரை நிறுத்தியதும், "அக்கா, இறங்காத, இரு," என்று சொல்லிவிட்டு, மாமா பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அன்றைக்கு போமென் விரல் விட்ட அதே இடத்தில் கையை விட்டார். உள்ளங்கை முழுதாக உள்ளே போனது. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். டயரை அவ்வளவு ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: "போதும்டா. அடுத்த வாரம் நான் வரல. என்னத்த மருந்து ஏத்துறாங்க, உடம்புல ஒண்ணுமே நிக்கல." மாமா கெஞ்சினார். அப்பா போனில் கெஞ்சினார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் எப்படியோ சமாதானப்படுத்தி ஏற்றினார்கள். டாக்டரிடம் போதும் என்று சொல்லிவிட்டு வருவதற்குத்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். தாமான் வாசல் வந்தது. கர்ர்.

"பாத்தியாக்கா!" மாமா கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார். "வெயிட்டு ஏறுது!"

அன்று டாக்டரிடம் அம்மா போதும் என்று சொல்லவில்லை. மருந்து ஏற்றிக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரம் மாமா வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, பையை வைப்பதற்காக அம்மா தானே காரின் டிக்கிக் கதவைத் திறந்தாள். உள்ளே இடது ஓரத்தில் இரண்டு அரிசி மூட்டைகள் அணைத்து வைக்கப்பட்டிருந்தன. அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு மூட்டையை, தூங்குகிற பிள்ளையைத் தட்டுவது போல, லேசாகத் தட்டினாள்.

"அரிசி எதுக்கும்மா?"

"கோயிலுக்கு. மாமா வேண்டிக்கிட்டிருக்கான். அவன்கிட்ட கேட்டுறாத, வேண்டுதல வெளிய சொன்னா பலிக்காது."

சத்தம் வராமல் கதவை மூடிவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். வேகத்தடையில் கர்ர் என்றதும், "டேய், மறுபடியும் மாக்கான் பண்ணுதுடா. அந்த போமென்கிட்ட காட்டித் தொலை," என்றாள். "காட்டுறேங்க்கா," என்றார் மாமா. கண்ணாடியில் அவர் சிரிப்பது தெரிந்தது. அன்றிலிருந்து வாராவாரம் இதே பேச்சு. அம்மா ஒரு வாரம்கூட வர மாட்டேன் என்று சொல்லவில்லை. தீபாவளிவரை போய்வந்தாள்.

அதற்குப் பிறகு அம்மா இல்லை.

காரியமெல்லாம் முடிந்து பல நாள் கழித்து, மாமா என்னைப் பள்ளிக்கு ஏற்றிப் போனார். அம்மாவின் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். வேகத்தடையில் லேசாகக் கர்ர் என்றது. மூட்டைகள் இன்னும் டிக்கியிலேயே இருப்பது எனக்கு நினைவு வந்தது.

"மாமா, அந்த அரிசிய எப்ப கோயிலுக்குக் குடுக்கப் போறோம்?"

"எந்தக் கோயிலுக்கு?"

"பின்னால இருக்குல்ல, வேண்டுதல் அரிசி? அம்மாதான் பாத்துட்டுச் சொன்னாங்க. உங்ககிட்ட கேக்கக் கூடாதுன்னாங்க."

மாமா காரை ஓரமாக நிறுத்தினார். "அம்மா பாத்தாங்களா?" என்று கேட்டார். பார்த்தார்கள் என்றேன். எப்போது என்று கேட்டார். சொன்னேன். அவர் ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். பெரியவர்கள் அப்படி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

வேண்டுதலை வெளியே சொல்லிவிட்டோமே என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பள்ளி மணி அடிக்கும் நேரமும் தாண்டிவிட்டது. "வேற யார்கிட்டயும் சொல்லல மாமா, சத்தியமா சொல்லல," என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தேன்.