பூதக்கண்ணாடியின் ஓரகத்தி

பூதக்கண்ணாடி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் அவளோடு ஜன்னல் துடைக்கிறவர்கள்தான். வைத்ததில் தப்பே இல்லை. கண்ணாடியில் சோப்புத் தண்ணீரைத் தடவி, ரப்பர் துடைப்பானை இழுத்து முடித்தால் மற்றவர்களுக்கு வேலை முடிந்தது. அவளுக்கு அங்கேதான் ஆரம்பம். ரப்பர் விட்டுப்போன ஓரத்து ஈரத்தைக் காய்ந்த துணியால் ஒற்றுவாள், மூலைக்குள் விரலை விட்டுத் துழாவுவாள். பிறகு கன்னத்தைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். வீட்டிலும் இதே கூத்துதான். "தட்டைக் கழுவி வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாக்கறா. அதுக்குள்ள என் பசியே செத்துப் போயிடுது" என்பான் கணவன்.

ஜன்னல் துடைக்க வருவதற்கு முன்பு அவள் ஓர் அலுவலகத்தில் தரை பெருக்கிக்கொண்டிருந்தாள். பெருக்கி நிமிர்வதற்குள் யாராவது செருப்புக் காலோடு நடந்துவிடுவார்கள். பார்க்கப் பார்க்க அழுகையாக வரும். கண்ணாடி அப்படியில்லை. சுத்தமாகத் துடைத்துவிட்டால் அது அங்கே இருப்பதே தெரியாது. அந்த ஒன்றுக்காகத்தான் உயரம் என்றால் உதறல் எடுக்கும் அவள், ஏணியில் ஏறி இந்த வேலைக்கு வந்தாள்.

வந்தவள் சும்மா இருந்திருக்கலாம். கொழுந்தன் மனைவிக்கும் இங்கேயே வேலை கேட்டு வாங்கிக் கொடுத்தாள். ஒரே வீட்டில் மேல் மாடியில் இருக்கும் ஓரகத்தி, கூடவே போய்க் கூடவே வரட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

ஓரகத்திக்கு வந்த கொஞ்ச நாளிலேயே மின்னல் என்று பெயர் விழுந்துவிட்டது. கண்ணாடியின் மேல் மூலையில் துடைப்பானை வைத்தால் எடுக்கவே மாட்டாள். இப்படியும் அப்படியும் வளைத்து வளைத்து ஒரே இழுப்பில் கீழே கொண்டுவந்து, ஓரத்தை ஒரு தடவு தடவிவிட்டு அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருப்பாள். கூடவே பாட்டு வேறு. பூதக்கண்ணாடி ஒன்றை முடித்துத் திரும்பினால் அவள் வரிசையின் கோடியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். பூதக்கண்ணாடிக்கு வயிறு எரியும். பொறாமை இல்லை, வேலை கெட்டுப்போகிறதே என்ற கவலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். கவலைக்கு எங்கேயாவது வயிறு எரியுமா?

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. 'அவளுக்குக் கைதான் உண்டு, கண் கிடையாது. அழுக்கு தெரிந்தால் விடுவாளா? தெரியவில்லை, அதனால் ஓடுகிறாள்.' இதை நினைத்துக்கொண்டால்தான் பூதக்கண்ணாடிக்குச் சாப்பாடே இறங்கும்.

அந்த நேரத்தில்தான் புதுக் கட்டடம் வந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதைத் திறப்பதற்கு முன் ஒரு தடவை துடைத்துக் கொடுக்க வேண்டும். பிறகு அங்கேயே நிரந்தரமாக ஒரு குழு, அதற்கு ஒரு தலைவி. அந்த இடம் தனக்குத்தான் என்று பூதக்கண்ணாடி நாத்தனார் வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள். சூப்பர்வைசரோ எல்லோர் முன்னாலும் மின்னலைக் காட்டினார்.

"இப்போதைக்கு இவங்க பாத்துக்கட்டும். சாயங்காலம் நான் வந்து வேலையைப் பாத்துட்டு முடிவு பண்றேன்."

பூதக்கண்ணாடியின் முகத்தில் ஈயாடவில்லை. நேற்று வந்தவள்! சிபாரிசு செய்த வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

புதுக் கண்ணாடி என்றால் சிமென்ட் துளி, பெயின்ட் துளி எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். பிளேடால் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். பூதக்கண்ணாடி ஏணியின் மேல் நின்று, மேல் மூலையில் கடுகளவு சிமென்ட் ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. அவளும் அசையவில்லை. வெயில் வேறு சுற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடி சூடேறினால் சோப்பு தடவத் தடவக் காய்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும்.

கீழே மின்னல் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, போதும்க்கா. அடுத்ததுக்குப் போங்க."

"இது இன்னும் போகலடீ."

"இருக்கட்டும்க்கா. வெயில் இந்தப் பக்கம் வந்துட்டா மிச்சம் எல்லாமே பாழாயிடும். எறங்குங்க."

எனக்கே உத்தரவா என்று பூதக்கண்ணாடிக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் சட்டென்று வேறொன்று தோன்றியது. சரி, இருக்கட்டும். சாயங்காலம் சூப்பர்வைசரை இதே கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, 'பாருங்க சார், நீங்க தலையில தூக்கி வெச்சு ஆடறவங்க லட்சணத்தை' என்று காட்டிவிட்டால் போயிற்று. பிளேடைத் துணியில் துடைத்துக்கொண்டு இறங்கினாள். அன்று முழுக்க அவள் துடைத்த வேகத்தைப் பார்த்து மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். மனதுக்குள் இனித்துக்கொண்டிருந்தால் கை தானாக ஓடுகிறது.

சாயங்காலம் சூப்பர்வைசர் வந்தார். வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்து, "பரவாயில்லையே!" என்றார். பூதக்கண்ணாடி முன்னால் வந்து நின்றாள்.

"சார், ஒரு கண்ணாடி அரைகுறையா நிக்குது. போதும்னு சொல்லி என்னை எறக்கி விட்டுட்டாங்க."

"எதும்மா?"

"இதோ, இது" என்று கையை நீட்டினாள். அது இல்லை. பக்கத்தில் பார்த்தாள். அதுவும் இல்லை. எல்லாக் கண்ணாடியும் ஒன்றுபோலப் பளபளவென்று நின்றன. கழுத்தைச் சாய்த்தாள், குனிந்தாள், கன்னத்தை ஒட்டிப் பார்த்தாள். எதிர்ப்பக்கத்து மரமும் அவளுடைய வியர்த்த முகமும்தான் தெரிந்தன. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அது இல்லக்கா" என்றாள் மின்னல், மெதுவாக. நேராக ஒரு கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று அண்ணாந்து விரலைக் காட்டினாள். "அதோ, மேல வலது மூலையில. கடுகு மாதிரி. பக்கத்துக் கண்ணாடியில ஒரு சோப்புக் கோடும் இருக்கு சார், அது நான் விட்டது. அந்தக் கடைசிக் கண்ணாடியில ஒரு பெயின்ட் பொட்டு."

சூப்பர்வைசர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. தெரியாததைப் போய்த் தேடுவானேன்? நீங்களே இங்க பாத்துக்கங்க" என்று மின்னலிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இடம் போனது பூதக்கண்ணாடிக்கு உறைக்கவே இல்லை. அந்தக் கடுகு மட்டும்தான் கண் முன்னால் நின்றது. மின்னலுக்கு அது தெரிந்திருக்கிறது. கோடும் தெரிந்திருக்கிறது, பொட்டும் தெரிந்திருக்கிறது.

வீடு திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்தார்கள். வேறு இடம் இல்லை. பாதி வழியில் பூதக்கண்ணாடியால் அடக்க முடியவில்லை.

"எல்லாம் உன் கண்ணுல படுதா?"

"படுதுக்கா."

"பட்டும் எப்படிடீ விட்டுட்டுப் போறே?"

"கஷ்டமாத்தான் இருக்கும்க்கா. அதான் பாடிக்கிட்டே போயிடுவேன்."

பூதக்கண்ணாடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் ஜன்னலில் யாரோ எண்ணெய்த் தலையைச் சாய்த்துத் தூங்கிய கறை. இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக் கோத்து வைத்துக்கொண்டாள். வாயைத் திறந்து ஏதாவது பாடிப் பார்க்கலாமா என்று நினைத்தாள். அவளுக்கு ஒரு பாட்டும் வரவில்லை. பக்கத்தில் அவள் ஓரகத்தி கறையை ஒரு தடவை பார்த்துவிட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடித் தூங்கிப்போனாள். கழுத்தை நெரித்துவிடலாம் போல அவ்வளவு பொறாமையாக இருந்தது.