பத்து மணிக்குள் வந்தவரே உயிருடன் இருப்பவர்

எங்கள் ஓய்வுநிதிச் சங்கத்தின் செயலாளர் ஆராவமுதன் ஒரு காசு திருடியவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருடியிருந்தால் போலீஸில் சொல்லி என்றைக்கோ முடித்திருப்போம். யோக்கியனை என்ன செய்வது?

சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்து, அங்கேயே படித்து, ஓர் அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்தவர். எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. சங்கத்துப் பேனாவால் தன் வீட்டுக் கடிதத்தை எழுத மாட்டார். கூட்டத்தில் காபி வந்தால் தன் காபிக்குத் தானே சில்லறை எடுத்து வைப்பார். நான் ராமராஜன், அதே அலுவலகத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவன். என் சம்பளத்திலும் மாதாமாதம் சங்கத்துக்குப் பிடித்தார்கள். எல்லோரிடமும் பிடித்ததைக் கடன் பத்திரத்திலும் வங்கியிலும் போட்டு எங்களுக்கு மாதப் பென்ஷன் தருவார்கள். அதற்கு மேல் வரும் லாபத்தை வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டத்தில் சமமாகப் பிரிக்க வேண்டும். காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

பிரிப்பது என்றாலே ஆராவமுதனுக்கு ஆகாது. "பிரிச்சுட்டா அப்புறம் என்னப்பா மிஞ்சும்? கஷ்ட காலத்துக்கு வேண்டாமா?" என்பார். கஷ்ட காலம் எங்களுக்கு வந்து வந்து போனது. அதற்கென்று அவர் சேர்த்துவைத்த காப்பு நிதிக்குத்தான் ஒருநாளும் வரவில்லை.

அதற்காக அந்த மகானுபாவர் இரண்டு விதிகள் எழுதினார். பொதுக்கூட்டத்தன்று காலை பத்து மணிக்குள் நேரில் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடுபவரே உயிருடன் இருப்பவர். வராதவரின் பங்கு காப்பு நிதிக்குப் போகும். இது ஒன்று. நூற்றுப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேராவது வராவிட்டால் யாருக்கும் பங்கு கிடையாது, மொத்த லாபமும் காப்பு நிதிக்கே. இது இரண்டாவது.

விதி எழுதினால் போதுமா? நாள் குறிக்க வேண்டுமே. வைகாசியில் வரதராஜப் பெருமாளுக்குக் கருட சேவை நடக்கும் நாளை நாலு வருஷமாகக் குறித்துவந்தார். கேட்டால், நல்ல நாளாம்! அன்றைக்கு ஊருக்குள் பஸ் கிடையாது. வாலாஜாபாத்திலிருந்து வருகிறவன் எல்லைக்கு அப்பால் இறங்கி, லட்சம் பேரைத் தள்ளிக்கொண்டு கோயில் பக்கத்துச் சந்தில் இருக்கும் சங்கக் கட்டிடத்துக்கு வந்து சேருவதற்குள் மதியம் ஆகிவிடும். வயசான கட்டைகள் பாதி வழியில் நீர்மோர் குடித்துவிட்டுத் திரும்பிப் போவோம்.

செயலாளரும் பத்து மணிக்கு வர மாட்டார். பெருமாளுக்கு முன்னால் பாசுரம் சொல்லும் கோஷ்டியில் நடந்துவிட்டு, பதினொன்றரைக்கு ஆற அமர வருவார். 9.50 என்று நேரம் போட்டுத் தன் கையெழுத்தை இடுவார். 'போதிய உறுப்பினர் வரவில்லை' என்று முத்து முத்தாக எழுதி மூடுவார். சங்கத் தலைவர் மேரி, ஓய்வுபெற்ற தட்டச்சர். அவர் மட்டும் சாவியோடு வந்து கட்டிடத்தைத் திறந்து, விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்.

போன வருஷம் எங்கள் சங்கத்துக் கங்கையம்மாள் ஆராவமுதன் வீட்டுக்கே போனாள். முப்பது வருஷம் தெரு பெருக்கியவள். மேல் வரிசைப் பல் பூராவும் விழுந்துவிட்டது. பல் செட்டுக்குப் பதினைந்தாயிரம் கேட்டார்கள். அவளுக்கு வேறு வழியில்லை, லாபப் பங்கைத்தான் நம்பியிருந்தாள். இவர் அவளை வாசலில் நிற்க வைத்துச் சொன்னாராம்: "இந்த வயசுல மென்னு திங்கிறதுக்கு என்ன இருக்கு? கஞ்சி குடியேன், உடம்புக்கு நல்லது."

அவள் என்னிடம் வந்து குமுறினாள். "மூணு வருஷமா கஞ்சிதான்பா குடிச்சிக்கினு கீறேன். இந்த ஆளு எனக்கு வைத்தியம் சொல்றாரு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்குப் போகலாம் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். "கருட சேவை அன்னிக்கு அந்தத் தெருவெல்லாம் யாரு பெருக்கினது? நாங்கதான். காலையில வந்தா உள்ள நுழைய முடியாதுன்னு மொத நாள் சாயந்திரமே வந்து குந்திக்குவோம். இந்த வாட்டி எல்லாரையும் அப்டியே இட்டாந்துடலாம்."

அவ்வளவுதான் விஷயம். படித்த எங்களில் ஒருவனுக்கும் நாலு வருஷமாக இது தோன்றவில்லை, வெட்கக்கேடு.

இந்த வருஷம் முதல்நாள் மாலையே ஓரிக்கையிலிருந்தும் பிள்ளையார்பாளையத்திலிருந்தும் வாலாஜாபாத்திலிருந்தும் பாயும் தலையணையுமாக வந்து இறங்கினோம். மேரியம்மா கட்டிடத்தைத் திறந்துவிட்டார். காலை ஒன்பதே முக்காலுக்கு எழுபத்தோரு கையெழுத்து விழுந்திருந்தது. பத்து அடித்ததும் மேரியம்மா பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுத்தார். தீர்மானம் நிறைவேறியது: வந்தவருக்கு ஆளுக்குப் பதினேழாயிரத்து நானூறு ரூபாய்.

பதினொன்று இருபதுக்கு ஆராவமுதன் வந்தார். நாமம் வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது. வாசலில் அத்தனை செருப்பைப் பார்த்து, சேவிக்க வந்தவர்கள் ஒதுங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். உள்ளே வந்து எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. தீர்மானத்தை இரண்டு தடவை படித்தார். அவர் எழுதிய விதி, ஒரு எழுத்து பிசகவில்லை. என்ன சொல்ல முடியும்?

பிறகு கேட்டார், "சரி, ஆனது ஆயிடுத்து. என் பங்கு?"

பிரித்தால் கரைந்துவிடும் என்று நாலு வருஷம் அழுத மனுஷன்!

மேரியம்மா சிவப்புக் கோட்டைக் காட்டினார். "பத்து மணி ஆயிடுச்சு சார். உங்க பங்கு காப்பு நிதிக்குப் போயிடுச்சு."

"பதினெட்டு வருஷமா ஒரு கூட்டம் தவறினதில்லைம்மா நான்! இதோ உங்க முன்னாடி உசிரோட நிக்கறேனே, தெரியலையா?"

கங்கையம்மாள் தன் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

"நாங்களும் நாலு வருஷமா உசிரோடதான் சார் இருந்தோம்."

ஆராவமுதன் நாற்காலியில் உட்கார்ந்தார், சொந்தப் பேனாவை எடுத்தார், கோட்டுக்குக் கீழே அதே முத்து முத்தான எழுத்தில் எழுதினார்: 'ஆராவமுதன், செயலாளர். வரவில்லை.'