நாலு மணிக்கு வராத போன்

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு ஜரீனாவிடமிருந்து எனக்கு போன் வரவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

ஜரீனா யார் என்று சொல்லிவிடுகிறேன். நெல்லித்தோப்பில் வீட்டிலேயே பிரியாணி செய்து, ஞாயிறுதோறும் ஆர்டருக்குக் கொடுப்பவள். ஜரீனா அவள் நிஜப் பெயர் இல்லை. ‘எழுதுங்கக்கா, பேரை மட்டும் மாத்திடுங்க’ என்று அனுமதி கொடுத்திருக்கிறாள். அவள் கணவர் ஸ்கூட்டரில் மூலக்குளத்தில் எங்கள் வீடு வரை கொண்டு வந்து தருவார். நாங்கள் சாப்பிட்டு, குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் நாலு மணிக்கு டாணென்று போன் வரும்.

“சாப்டீங்களாக்கா? வயிறு ஒண்ணும் பண்ணலையே? எல்லாரும் நல்லா இருக்காங்களா?”

எந்த ஓட்டலில் இப்படி விசாரிப்பார்கள்? அவளிடம் வாங்கும் அத்தனை பேருக்கும் இந்த போன் உண்டு. ‘மனுஷின்னா இவதான்’ என்று தெருவே மெச்சும். நானே பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை பேசி ஆர்டர் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த போன்தான் வரவில்லை. வியாபாரம் பெருகியதும் பழைய ஆள் மறந்துபோச்சோ? விடுவேனா... மறுநாள் நெல்லித்தோப்புக்கே போய்விட்டேன்.

கதவைத் திறந்தாள். முதலில் கண்ணில் பட்டது அவள் கை. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். இத்தனை வருஷத்தில் அவளை வெறுங்கையோடுதான் பார்த்திருக்கிறேன். சமையல்காரிக்கு இடைஞ்சல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இடைஞ்சல் இல்லையாம். பயம்.

ஒருநாள் பக்கத்து அறையில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்திருக்கிறது. ஒரு சில்லு தெறித்து வந்து பிரியாணியில் விழுந்திருக்குமோ என்று மனதில் ஒரு கேள்வி. சோற்றை அலசிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். கடைசியில் அந்தப் பெரிய தேக்சா நிறைய இருந்த பிரியாணியையும் குழி தோண்டிக் கொட்டினாள். அதற்குப் பிறகு வளையல் போச்சு, வீட்டில் கண்ணாடிச் சாமான் போச்சு, ஆனால் கேள்வி மட்டும் போகவில்லை. சாப்பிட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த நாலு மணி போன்!

நான் ‘ஒண்ணும் ஆகல ஜரீனா, சூப்பர்’ என்றதும் மனசு குளிரும். கொஞ்ச நேரத்தில் மறுபடி பற்றிக்கொள்ளும். அடுத்த வீட்டுக்கு போன் போடுவாள். மாமியார் ‘வஸ்வாசு’ என்று சொல்லி, மனசை ஆட்டுகிற அந்த வீண் சந்தேகத்துக்காக ஓதி ஊதிய தண்ணீர் கொடுத்திருக்கிறார். பாவம், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. அதற்கும் அடங்கவில்லை. இந்த வருஷத்தோடு அடுப்பை அணைத்துவிடலாம் என்று முடிவெடுத்த பிறகுதான், கணவர் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார். இதற்குப் பெயர் ஓசிடி என்று அங்கேதான் தெரிந்தது.

“இந்த அடுப்பு எனக்கு வேணும்க்கா. அதுக்காகத்தான் போனேன்” என்றாள்.

டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். கணவர் அதை இன்டர்நெட்டில் தேடி, ‘இது டிப்ரஷனுக்குல்ல போட்டிருக்கு’ என்று கலங்கிப் போனாராம். அதே மாத்திரை இதற்கும் கேட்கும், ஆனால் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்று டாக்டர் புரியவைத்திருக்கிறார். நமக்குத்தான் மாத்திரை தொண்டையில் இறங்குவதற்குள் தலைவலி போயாக வேண்டுமே!

கூடவே, ஒரு சைக்காலஜிஸ்ட். அந்த அம்மா கொடுத்த ஹோம்வொர்க்தான் வளையல். முதலில் வளையலோடு சமையலறையில் சும்மா நிற்பது. அப்புறம் வளையலோடு வீட்டுக்கு மட்டும் சமைப்பது. அப்புறம் ஆர்டருக்கு. பயம் வரும், வரட்டும். அலசிப் பார்க்காமல், போன் போடாமல், அது தானாக இறங்கும் வரை இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு நாய் மாதிரி... ஓடினால் துரத்தும், நின்றால் குரைத்து ஓயும்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மனுஷி உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்ததை அல்லவா ‘அக்கறை’ என்று கொண்டாடியிருக்கிறோம்? யோசித்துப் பாருங்கள், நாம் இப்படி எத்தனை வியாதிக்கு சர்டிபிகேட் கொடுத்திருக்கிறோம்! கை கழுவிக் கழுவித் தோல் உரிந்தவர் ‘ரொம்ப சுத்தக்காரர்’. நாலு பேர் முன்னால் வாய் திறக்கப் பயந்து வேலைக்கான இன்டர்வியூவுக்கே போகாத பெண் ‘அடக்கமான பொண்ணு’. பட்டம் கொடுத்துவிட்டால் வைத்தியம் பார்க்க வேண்டாம் பாருங்கள்.

கிளம்பும்போது ஜரீனா ஒன்று கேட்டாள்.

“நான் மறந்துபோய் போன் பண்ணிட்டா, ஒண்ணும் ஆகலன்னு மட்டும் சொல்லிடாதீங்கக்கா. ருசியைப் பத்தி என்ன வேணா சொல்லுங்க.”

இது ஒரு பெரிய விஷயமா என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

போன ஞாயிறு. நாலு மணி. போன் அடித்தது. ஜரீனா!

“அக்கா... எல்லாரும்... நல்லா இருக்கீங்களா?”

எங்கள் வீட்டில் எல்லோரும் ஜோராக இருந்தோம். என் கணவர் ஏப்பம் விட்டுக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தை போதும், அவள் தவிப்பு அடங்கும். இந்தப் பத்தியில் ஊருக்கெல்லாம் வாரா வாரம் பதில் சொல்கிற என் வாயை இழுத்துப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

“அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன் ஜரீனா” என்றேன்.

அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. கழற்றுகிறாளோ என்று பயந்தேன். அப்புறம் மெதுவாக, “சரிக்கா. வச்சிடுறேன்” என்றாள்.

அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விசாரித்ததில், அவள் வேறு யாருக்கும் போன் போடவில்லை. மறுநாள் காலையில் நானே கூப்பிட்டேன். ருசியைப் பற்றிச் சொல்லத்தான் அனுமதி இருக்கிறதே! பிரியாணியில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று உள்ளதைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் பக்கென்றது. இது ஒரு புதுச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டால்?

ஜரீனா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. உங்க நாக்கைப் பாருங்கக்கா.”